என்ன திட்டம் என்று எழுதாத விண்ணப்பம்

பெரம்பலூரில் துறையூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு நகரில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். நகர் என்று பெயர்தானே தவிர, பருத்திக் காட்டில் கல் நட்டு மனை பிரித்து விற்ற இடம்தான் அது. மொத்தம் பதினாலு வீடு. பெரம்பலூர் மாவட்டத் தலைநகரான பிறகு ஆபீஸ் வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள். ஒருவர் குரும்பலூர், ஒருவர் வேப்பந்தட்டை, ஒருவர் ஜெயங்கொண்டம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

யாருக்கும் யாரையும் தெரியாது. காலையில் கதவு திறக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், கதவு சாத்திக்கொள்ளும். எனக்கு மட்டும் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். போன் பேச என்னிடம்தானே வர வேண்டும். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் பாதி வெளியே கேட்கும்.

ஒருநாள் மத்தியானம் திருச்சியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கதர்ச் சேலை, தோளில் ஜோல்னாப் பை. ஒரு போன் பேசிவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டு போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தான் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வருவதாகவும், இந்த மாதிரிப் புதுக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஏதாவது செய்வதாக இருந்தால் அதற்குச் சின்னதாக ஒரு தொகை கொடுப்பதாகவும் சொன்னார்.

"லோனா மேடம்?"

"இல்லம்மா. திருப்பித் தர வேண்டாம்."

"எலெக்ஷன் வருதா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் இல்ல. நீங்க எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஒரு காரியம் செய்யணும். அவ்வளவுதான்."

"என்ன காரியம்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

யாராவது பணம் கொடுக்கிறேன் என்றால் எதற்கு என்றும் அவர்களே சொல்வதுதான் வழக்கம். இந்த அம்மா கொடுப்பதையும் கொடுத்துவிட்டு எதற்கு என்று நம்மையே கேட்கிறாரே என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். கூட்டம் போட இடமில்லை. மனை வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் அடித்திருந்த ஒரு காலி இடம் நகரின் நடுவில் இருந்தது. பூங்காவுக்குப் பதில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில் நின்றபடியே பேசினோம். ஒன்பது வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தார்கள்.

ரிட்டயரான கண்டக்டர் ஒருவர் எங்கள் நகரில் இருந்தார். பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூர் போகும் பஸ்ஸில் ரொம்ப வருடம் இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், மகன் திருச்சியில். தனியாக இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வெளியே வருவார். அவர்தான் முதலில் பேசினார். சாக்கடை கட்டலாம் என்றார். மேடம், கட்டுமானத்துக்குத் தர முடியாது என்றார். இன்னொருவர் பிள்ளையார் கோயில் என்றார். அதற்கும் தர முடியாது. தெருவிளக்கு? அது பஞ்சாயத்து வேலை. பையன்களுக்கு வாலிபால் நெட்? அது சரி, ஆனால் பெண்களும் பெரியவர்களும் என்ன செய்வார்கள் என்று மேடம் கேட்டார்.

"அவங்க எதுக்கு வாலிபால் ஆடணும்?" என்றார் நெட் கேட்டவர், நிஜமாகவே புரியாமல். எனக்கும் புரியவில்லை.

கூட்டத்தின் அந்தக் கோடியில் குன்னத்து அக்கா நின்றிருந்தது. குன்னத்துப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற சம்சாரி வீடு. புருஷன் காட்டில், இது பிள்ளைகளைப் படிக்க வைக்க இங்கே. கண்டக்டர் பேசும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு பேரும் எதிரெதிர் வீடு. குடிவந்த இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தன் வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர் அவர் கேட்டுக்கு முன்னால் போய் நிற்கிறது, அதனால்தான் அவர் முறைப்பாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார் என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தது. அவரிடம் ஒருமுறை ஜாடையாகக் கேட்டேன். "தண்ணியா? அது மண்ணுல போற தண்ணி, எனக்கென்னம்மா" என்றார். பிறகு எதற்கு இவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒன்றும் முடிவாகவில்லை. கண்டக்டரைத் தலைவர் என்றார்கள். ப்ளஸ் டூ படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் செயலாளர் என்று சொல்லி, மேடம் கொண்டுவந்திருந்த விண்ணப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நிரப்பாத விண்ணப்பத்தில் தலைவர் முன்கூட்டியே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த விண்ணப்பத்தை நாலு நாள் வைத்துக்கொண்டு திண்டாடினேன். பெயர், முகவரி, எத்தனை குடும்பம் எல்லாம் எழுதிவிட்டேன். 'திட்டத்தின் பெயர்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கும் கீழே ஒரு கேள்வி. 'உங்கள் குடியிருப்பில் ஒருவரோடொருவர் பேசிப் பழகாதவர்கள் யார்? இத்திட்டத்தால் அது எவ்வாறு மாறும்?'

ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாமா எழுதிக் கேட்பார்கள்? ஒருவேளை இதுதான் உண்மையான கேள்வியோ, மற்றதெல்லாம் சும்மாவோ என்றும் தோன்றியது. வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன். அவர் லாரித் தூசியோடு நின்றபடியே படித்தார்.

"ஏதாச்சும் ஒண்ணு எழுதிவுடு. யாரு படிக்கப் போறா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. யாரும் படிக்கப் போவதில்லை என்றால் உள்ளதையே எழுதிவிடலாமே. சாக்கடை, கோயில், விளக்கு, நெட் என்று கூட்டத்தில் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதினேன். 'இவற்றில் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் முழுதாகப் புரியவில்லை' என்று முடித்தேன். திட்டத்தின் பெயரைக் காலியாக விட்டேன். பேசாதவர்கள் என்ற கேள்விக்கு, 'எங்கள் தலைவரும் எதிர்வீட்டு அக்காவும் பேசுவதில்லை. அக்கா சொல்லும் காரணத்தை அவர் இல்லை என்கிறார். அவர் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. இருவருமே நல்லவர்கள்' என்று எழுதினேன்.

தபாலில் போட்டுவிட்டு மறந்தும்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கண்டக்டர் பூத்துக்கு வந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்ப் போனைக் கையில் எடுத்தார். நம்பர் போடாமலே வைத்துவிட்டு வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரிஜிஸ்டர் கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"திட்டத்துக்கு ஒப்புதல் வந்திருக்கு."

எனக்குச் சந்தோஷத்தை விடக் குழப்பம்தான் அதிகம். எந்தத் திட்டத்துக்கு? கடிதத்தைப் பிரித்தேன். 'தாங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டவாறு' என்றுதான் இருந்தது. இரண்டாம் முறை படித்தும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த தாளைத் திருப்பினேன். என் கையெழுத்து. தலைவரின் பார்வைக்கு என்று விண்ணப்பத்தையே ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

"சார், தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல. தெரியாதுன்னு எழுதியிருக்க. தெரிஞ்சுக்கறியா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லவேளை போன் பேச யாரும் வரவில்லை.

பல வருடத்துக்கு முன்னால் நடந்தது. சந்தை நாள். பஸ்ஸில் கூட்டம். குன்னத்தில் ஒரு பெண் இரண்டு வெங்காய மூட்டையோடு ஏறியிருக்கிறாள். இடுப்பில் கைக்குழந்தை. ஒரு மூட்டைக்குத்தான் லக்கேஜ் டிக்கெட் எடுத்தாள். இன்னொரு மூட்டை யாருடையது என்று கேட்டால் தெரியாது என்றாள். முந்தின வாரம்தான் செக்கிங்கில் இவர் மாட்டி மெமோ வாங்கியிருந்தார். கோபத்தில் விசில் அடித்து, பேரளி தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவளையும் இரண்டு மூட்டையையும் இறக்கிவிட்டார்.

"மழை தூறிக்கிட்டு இருந்துச்சும்மா. அவ திட்டல. அழுவல. குழந்தைய முந்தானையால மூடிக்கிட்டு என்னையே பார்த்தா. பஸ் கௌம்பினப்புறம் உள்ள ஒரு பெரியவரு சொல்றாரு, அந்த இன்னொரு மூட்டை என்னோடதுப்பான்னு."

"அப்ப நிறுத்தலையா சார்?"

அவர் மேஜையில் கிடந்த கவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இங்க வூடு கட்டிக் குடிவந்த அன்னிக்கு எதிர்வூட்டு வாசல்ல அந்த அம்மா நிக்கிது" என்றார்.

இரண்டு வருடமாக அவர் தலையைக் குனிந்துகொண்டு போனது கோபத்தினால் இல்லை. அக்கா அதைக் கோபம் என்று நினைத்திருக்கிறது. அக்கா பதிலுக்கு முகத்தைத் திருப்பியதை இவர், அது தன்னை அடையாளம் கண்டுகொண்டதன் வெறுப்பு என்று நினைத்திருக்கிறார். இருவருக்கும் நடுவே தண்ணீர் மாத்திரம் ஒரு பாவமும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"நீங்க போய்ச் சொல்லிடுங்களேன் சார்."

"எப்படிப் போறது? என்னன்னு ஆரம்பிக்கிறது?"



ஒப்புதல் வந்த செய்தி பரவியதும் இன்னொரு குழப்பம். கோயில் கேட்டவர் கோயிலுக்குத்தான் வந்திருக்கிறது என்றார். நெட் கேட்டவர் மகனிடம் பந்து வாங்கத் தயாராகச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டவர்களிடமெல்லாம் "தலைவரைக் கேளுங்க" என்றேன். திருச்சிக்கு எப்படிப் போன் போட்டு 'எதற்குக் கொடுத்தீர்கள்' என்று கேட்பது? வெட்கமாக இருந்தது. கடைசியில் கண்டக்டர் ஒரு முடிவு சொன்னார். எல்லாருமே அந்தப் பூங்கா இடத்தில்தான் ஏதோ ஒன்று வேண்டும் என்கிறார்கள், முதலில் அதைச் சுத்தம் பண்ணுவோம், காணும் பொங்கலுக்கு அங்கேயே எல்லா வீடும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம், அதற்கு வேண்டிய அண்டா, ஜமுக்காளம், கரண்டி வாங்கி நகருக்குப் பொதுவாக வைத்துக்கொள்வோம் என்றார். அதை ஏன் அவர் சொன்னார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கருவேலம் வெட்டியது மூன்று ஞாயிறு. முள் குத்தாத ஆள் கிடையாது. எதிர்பார்த்ததை விட அதிகம் பேர் வந்தார்கள். தூரைப் பிடுங்க என் வீட்டுக்காரர் லாரிச் சங்கிலி கொண்டுவந்து கட்டி இழுத்தார். இரண்டாவது ஞாயிறு வேலை நடக்கும்போது வரைபடத்தில் இது பூங்கா இல்லை, மனை என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எந்த வரைபடம் என்று கேட்டால் அவர் ஒன்று காட்டினார், நாங்கள் ஒன்று காட்டினோம். இரண்டிலும் ஒரே சீல். பதினாலு வீட்டு ஆட்களும் கையில் அரிவாளோடு நின்றதைப் பார்த்ததாலோ என்னவோ, பிறகு வருகிறேன் என்று போனவர் நான் அங்கே இருந்த வரைக்கும் வரவில்லை. எது சரியான வரைபடம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காணும் பொங்கல் அன்று காலையிலேயே அண்டாவை ஏற்றிவிட்டோம். சாம்பாருக்கு வெங்காயம் குன்னத்து அக்கா தன் காட்டிலிருந்தே வரவழைத்திருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டு, ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து நாங்கள் பெண்கள் உரித்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் அடுப்பண்டை. கண்டக்டர் மட்டும் வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பிடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலைந்து உரித்திருப்பார். பிறகு தலை நிமிராமலே பேசினார்.

"என்னை அடையாளம் தெரியுதுங்களா?"

அக்கா என்னைப் பார்த்தது. "எதிர்வூடுதானுங்க நீங்க" என்றது.

"அதுக்கு முன்னாடி. அரியலூர் பஸ்ல. மூட்டையோட உங்களைப் பேரளியாண்ட எறக்கி விட்டவன் நான்தான். மழையில."

வட்டத்தில் எல்லாருடைய கையும் நின்றது. அக்காவின் கை மட்டும் நிற்கவில்லை. தோலை உரித்து, வெங்காயத்தைச் சட்டியில் போட்டு, அடுத்ததை எடுத்தது.

"அது நானில்லைங்க" என்றது.

"இல்லீங்க, நல்லா ஞாபகம் இருக்கு. இடுப்புல குழந்தை."

"எங்க ஓரகத்தியா இருக்கும். அவதான் அப்பல்லாம் மூட்டை ஏத்திக்கிட்டு வருவா. ஆளு என்னை மாதிரியேதான் இருப்பா."

கண்டக்டர் அக்காவின் முகத்தையே பார்த்தார். இரண்டு வருடத்தில் அவர் அதை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். "அப்படிங்களா" என்றார். இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேங்க. வெங்காயத்தை ரொம்ப ஆழமா உரிக்காதீங்க, வீணாப் போவுது."

அன்று அவர் மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து பால் வாங்கப் போகும்போது அக்காவிடம் நின்று பேசுவார். அக்காவும் பேசும். கழுவின தண்ணீர் எப்போதும் போல அவர் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச்சில் திருச்சி மேடம் வந்து அண்டாவைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார், சுத்தமான இடத்தைப் பார்த்தார். "அந்த ரெண்டு பேரும் இப்பப் பேசறாங்களா?" என்றார்.

"பேசறாங்க மேடம்."

"எப்படிம்மா அது நடந்துச்சு?"

அக்கா சொன்னது உண்மை என்றால், அவர் இரண்டு வருடம் வேறு ஒருத்தியின் முகத்துக்குப் பயந்து தலையைக் குனிந்திருக்கிறார். பொய் என்றால், அந்தப் பொய் யாருக்காக? "எல்லாம் சேர்ந்து சமைச்சோம் மேடம்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். விண்ணப்பத்தில் திட்டத்தின் பெயரே இல்லையே, எதற்கு ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று நானும் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது.

மூன்று நாலு வருடம் போயிற்று. அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி எங்களோடு சேர்ந்து, என் வீட்டுக்காரர் எந்த மாவட்டத்துக்காரர் என்று எனக்கே சந்தேகம் வந்த காலம். கண்டக்டர் மகனோடு இருக்கத் திருச்சி போய்விட்டார். எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்து என் பூத்தில் ஈ மொய்த்தது. அப்போது அக்கா மகளுக்குக் குன்னத்தில் கல்யாணம். போயிருந்தேன். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். அதுதான் ஓரகத்தி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அக்காவை விட ஒரு முழம் உயரம், நல்ல சிவப்பு. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அக்கா மாதிரி இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் பேச்சுக் கொடுத்தேன். முன்பெல்லாம் நீங்கள்தான் பெரம்பலூர் சந்தைக்கு மூட்டை கொண்டுபோவீர்களாமே என்றேன்.

"நானா? பஸ் ஏறினாலே எனக்கு வாந்தி வருங்க. சந்தைக்குப் பூரா அக்காதான் போகும். புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே போகும்."

அக்காவிடம் கேட்காமல் திரும்ப மனம் வரவில்லை. கல்யாண வீட்டுப் பரபரப்பு அடங்கியதும், தாம்பூலப் பை கொடுக்க வந்த அக்காவைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு வெங்காயம் உரிக்கையில அப்படிச் சொன்னீங்களே, பொய்தானே?"

"எது?"

"கண்டக்டர் சார்கிட்ட. ஓரகத்தின்னு."

அக்காவுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்னைய எத்தனையோ கண்டக்டரு எறக்கி விட்டிருக்காங்க. மழையிலயும் விட்டிருக்காங்க, வெயில்லயும் விட்டிருக்காங்க. அவரா, இல்ல வேற யாராவதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளு ஒருத்தரு மட்டும் வந்து நான்தான் நான்தான்னா, நான் என்னத்தைச் சொல்றது?" என்றது. பிறகு, "வெத்தலை வச்சிருக்கேன், பார்த்து எடுத்துட்டுப் போ" என்று பையைக் கையில் திணித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசித்தேன். அக்கா அவருக்காக இரக்கப்பட்டதா? இல்லை, மற்றவர்கள் செய்ததையும் இவர் ஒருவர் மன்னிப்பில் தீர்த்துவிட அதற்கு மனம் இல்லையா? அதற்குள் பஸ் பேரளியைத் தாண்டிவிட்டது. எந்தப் புளியமரம் என்று பார்க்கக்கூட விட்டுவிட்டேன்.

பென்ஷன் விஷயமாகக் கண்டக்டர் ஒருமுறை பெரம்பலூர் வந்தார். பூத்தை மூடி அதே இடத்தில் நான் ஜெராக்ஸ் மிஷின் போட்டிருந்தேன். காகிதத்தையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன். டீ வரவழைத்தேன். இளைத்திருந்தார். சட்டை மட்டும் அதே இஸ்திரி.

"எதிர்வூட்டு அம்மா நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்காங்க சார். பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சு."

"அவங்க ஓரகத்தியும் வந்திருந்தாங்களா கல்யாணத்துக்கு? நான் சொன்னதை அவங்ககிட்ட சொன்னாங்களா, என்னன்னு ஏதாச்சும் தெரியுமா?"

என் கையில் அவருடைய பென்ஷன் புத்தகம் இருந்தது. அதைத் திருப்பி மறுபக்கத்தையும் நகல் எடுத்தேன். மிஷின் ஓடி முடிகிற வரைக்கும் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் எது உண்மை என்று அவர் கேட்பார்.

"சொல்லிட்டாங்களாம் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்தார். நான் சொன்னது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.